வெட்டி எறிந்த இருமல்

போன மாதம் ஸ்டுடியோவுக்குப் போயிருந்தபோது ஜெயந்தி எனக்கு ஒரு பொத்தானைக் காட்டினாள். ஒன்பது வருடம் என்னோடு வேலை பார்த்தவள். நான் ஓய்வு பெற்ற பிறகு ராஜபாளையத்தில் அந்த ஒலிப்பதிவு நிலையத்தை அவள்தான் நடத்துகிறாள். கம்ப்யூட்டர் திரையில் அந்தப் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் மின்விசிறிச் சத்தம், தெருவில் போகும் பஸ்ஸின் ஹாரன், பேசுகிறவரின் மூச்சு, கனைப்பு, இருமல் எல்லாம் போய்க் குரல் மட்டும் துடைத்து வைத்ததுபோல நிற்கிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் அரை நாள் உட்கார்ந்து செய்த வேலை அது.

"உங்க வேலை அம்புட்டையும் இதுவே பாத்துருது அண்ணாச்சி" என்று கிண்டல் செய்தாள்.

"வெட்டுனதத் திருப்பிக் கொண்டாரதுக்கு ஒரு பொத்தான் இருக்கா?" என்று கேட்டேன்.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். நான் எதைக் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். "அந்த மெட்டல் ஆல்பத்தப் பத்திச் சொல்ல ஆரம்பிக்கிய, பாதியில எந்திரிச்சுப் போயிருதிய. எழுதியாவது முடிங்க" என்றாள். அதனால்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எழுத்து பழக்கமில்லை. முப்பத்தாறு வருடம் மற்றவர்கள் பேசியதையும் பாடியதையும் பிடித்து வைத்ததுதான் என் பிழைப்பு.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். வீடு மடவார் வளாகத்தில். கோயில் விசேஷங்களுக்கு மைக் கட்டும் கடையில் வயர் சுற்றிக் கொடுத்துத் தொழிலுக்கு வந்தேன். அங்கிருந்து ராஜபாளையத்தில் சஞ்சீவி சாரின் ஸ்டுடியோ. முதல் இரண்டு வருடம் நாடாவைத் துடைப்பதும் டீ வாங்கி வருவதும்தான். பிறகு ஸ்பூல், கேசட், கம்ப்யூட்டர் என்று சாமான்கள் மாறின. வேலை மாறவில்லை. மார்கழிக்குப் பாசுரம், தேர்தலுக்கு விளம்பரம், ஜவுளிக்கடை திறப்பு விழாவுக்கு ஒரு பெண்குரல், வருடத்துக்கு நாலைந்து பக்திக் கேசட்.

சஞ்சீவி சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். மெலிந்த ஆள், சட்டைக் காலர் எப்போதும் கஞ்சி போட்டு நிற்கும். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் அவரிடம் ஒரு முறை உண்டு. எல்லோரும் செருப்பை வெளியே விட வேண்டும். மின்விசிறி நிற்க வேண்டும். அவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, மேசை டிராயருக்குள் வைப்பார். அதன் டிக் டிக் கூட விழக்கூடாதாம். பிறகு வலது உள்ளங்கையைத் தூக்கிக் காட்டி, "ஊருக்கோ" என்பார். தெலுங்கில் சும்மா இரு என்று பொருள். அந்தக் கை இறங்கும்வரை ஒரு முழு நிமிடம் யாரும் அசையக் கூடாது. அந்த நிமிடத்தில் அறையின் மௌனத்தைப் பதிவு செய்வோம். மௌனத்துக்கும் ஒரு சத்தம் உண்டு. அது அறைக்கு அறை, நாளுக்கு நாள் வேறுபடும். பின்னால் பேச்சில் எதையாவது வெட்டினால், அந்த இடத்தில் இந்த மௌனத்திலிருந்து ஒரு துண்டை ஒட்டினால்தான் ஒட்டுத் தெரியாது.

வெட்டுவதில் அவர் மன்னன். பாடகரின் கனைப்பு, பெரியவர்களின் இருமல், பல்செட்டின் சத்தம் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார். "வீட்டுக்கு வந்தவரு தலை கலைஞ்சிருந்தா நீ சீப்பு எடுத்துக் குடுக்க மாட்டியா சீனி? இருமலோட ஒரு மனுசன ஊருக்குள்ள அனுப்பாதே" என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

இன்னொரு விதியும் இருந்தது. அது வந்த கதையைச் சொல்ல வேண்டும். வ. புதுப்பட்டியிலிருந்து ஒரு பஜனைப் பாகவதர் வந்து பாடினார். நல்ல குரல், ஆனால் முன்கோபி. அடி தவறும்போதெல்லாம் மிருதங்கக்காரரையும் தன்னையும் சேர்த்துத் திட்டுவார். வெளிவந்த கேசட்டில் அதெல்லாம் இல்லை. ஆனால் வெட்டுவதற்கு முந்தைய நாடாவை யாரோ பிரதி எடுத்து வெளியே விட்டுவிட்டார்கள். டீக்கடைகளில் போட்டுச் சிரித்தார்கள். புரட்டாசி சனிக்கிழமை எங்கள் ஊர்ப் பக்கத்தில் உள்ள திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் படியில் பாகவதரைப் பார்த்துப் பொடிப்பயல்கள் அந்த வசவையே ராகம் போட்டுப் பாடினார்களாம். அதற்குப் பிறகு அவர் பாடவே இல்லை. சஞ்சீவி சார் அவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். என்ன பேசினார் என்று தெரியாது. மறுநாள் எங்களைக் கூப்பிட்டு, "இனிமே குரலுக்குச் சொந்தக்காரரு கேட்டுச் 'சரி'ன்னு சொன்ன அன்னைக்கே, அவரு கண்ணு முன்னாலயே, பழசு எல்லாத்தையும் அழிச்சிரணும்" என்றார். யார் கேட்டாலும் பிரதி கிடையாது. மௌனத்தை மட்டும் அழிக்க வேண்டியதில்லை. அதில் யார் பேச்சும் இல்லை, அதனால் யாருக்கும் அவமானம் வரப்போவதில்லை என்பது அவர் எண்ணம். மௌனங்கள் தனிப் பெட்டியில், பிறகு தனி ஹார்ட் டிஸ்கில், தேதி போட்டுச் சேர்ந்துகொண்டே போயின.

சார் காலமான பிறகும் அந்த முறைகளை நான் விடவில்லை. கடிகாரத்தைக் கழற்றுவேன். கையைத் தூக்குவேன். "ஊருக்கோ" என்பேன். எனக்குத் தெலுங்கில் தெரிந்தது அந்த ஒரு சொல்தான்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் செல்வராணி வந்தாள். வீடு ராஜபாளையத்தில், வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில். அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். முப்பது வயது இருக்கும். தலையைப் படிய வாரி, பூ வைத்து, தோளில் கிட்டாரோடு வந்து நின்றாள். பின்னால் மூன்று ஆண்கள். அதில் டிரம்ஸ் வாசிக்கிற குருசாமி ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். குழுவுக்கு 'மூணாம் ஷிப்ட்' என்று பெயர். திராஷ் மெட்டல் என்றாள். நான் பாத்திரக்கடை விளம்பரம் என்று நினைத்தேன். வெறிவேகத்தில் ஓடும் ஒரு வகை ராக் இசையாம்.

"எங்க அம்மா ஒரு பாட்டுல பேசணும் அண்ணாச்சி. அவுகளால பஸ்ல ரெண்டு ஸ்டாப்புக்கு மேல உக்கார முடியாது. அதான் உள்ளூர்லயே வந்தோம்" என்றாள். ஆல்பத்தின் பெயர் 'திங்கட்கிழமை'. ஏழு பாட்டு. ஏழும் மில்லைப் பற்றியவை.

முதல் நாள் அவள் மைக் முன் நின்று வாயைத் திறந்தாள். பாடவில்லை, உறுமினாள். தொண்டைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதிவை நிறுத்தி, வெந்நீரில் பனங்கற்கண்டு போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலு பேரும் சிரித்தார்கள். வாங்கிக் குடித்துவிட்டு அவள் மறுபடி உறுமினாள். கிட்டார் சத்தம் கிழிகிறது என்று நான் குறைப்பேன், அவர்கள் கூட்டுவார்கள். நான் சொல்லைத் தெளிவாக முன்னே கொண்டுவருவேன், அவர்கள் பின்னே தள்ளச் சொல்வார்கள். பாசுரத்துக்கு வைத்த மைக்கைக் கழற்றி வேறு மைக் வைத்தேன். குருசாமி இரண்டு காலாலும் பெரிய டிரம்மை மிதித்த வேகத்தில் கண்ணாடி அதிர்ந்தது. அடுத்த வீட்டு அம்மாள் ஆள் அனுப்பிச் சுவரை இடிக்கிறீர்களா என்று கேட்டாள்.

"ஏம்ப்பா, இம்புட்டு அவசரம் எதுக்கு?" என்று குருசாமியிடம் கேட்டேன்.

"ரிங் பிரேம் ஓடுற வேகம்தான் அண்ணாச்சி. மெதுவா ஓட்டுனா மேஸ்திரி விடுவாரா?" என்றான்.

ரிங் பிரேம் என்பது பஞ்சுத் திரியை நூலாக முறுக்கும் நீளமான மிஷின். ஒரு வரிசைக்கு ஒரு பெண் நிற்பாள். அவளைச் சைடர் என்பார்கள். நூல் அறுந்த இடத்துக்கெல்லாம் ஓடி ஓடி ஒட்ட வேண்டும். செல்வராணியின் அம்மா பேச்சியம்மாள் இருபத்தேழு வருடம் சைடராக இருந்தவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மில் லீவு. நெஞ்சு கொஞ்சம் இளகும். திங்கட்கிழமை மறுபடி தூசிக்குள் போனதும் வாரத்திலேயே மோசமாக அடைக்கும். ஆல்பத்துக்கு அந்தப் பெயர் ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஞாயிறு ஞாயிறாகப் பதிவு செய்தோம். குருசாமிக்கு அன்றைக்குத்தான் லீவு. ஆறு பாட்டு முடிவதற்குள் எனக்கும் அந்தச் சத்தம் பழகிவிட்டது. பிடித்துவிட்டது என்று சொன்னால் என் வீட்டில் நம்பமாட்டார்கள். ஆனால் பஸ்ஸில் திரும்பிப் போகும்போது கால் தன்னால் தாளம் போடும்.

ஏழாவது பாட்டு அம்மா பேசும் பாட்டு. டிரம்ஸும் கிட்டாரும் வெறிகொண்டு ஓடி, மூன்று இடத்தில் சட்டென்று நிற்கும். அந்த நிறுத்தங்களில் பேச்சியம்மாள் நூல் ஒட்டும் விதத்தைச் சொல்ல வேண்டும். "அம்மா பேசுறத அப்படியே வச்சிருங்க அண்ணாச்சி. ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று செல்வராணி முதலிலேயே சொன்னாள். எக்கோ போட வேண்டாம், இனிமை சேர்க்க வேண்டாம் என்று நான் எடுத்துக்கொண்டேன். பக்திப் பாட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் எக்கோ கேட்பார்கள், அதனால். இருமலை எடுப்பது எங்கள் வழக்கத்தில் ஒரு வேலையாகவே சேராது. உட்காரும் முன் நாற்காலியைத் தட்டிவிடுவதுபோல அது.

பேச்சியம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஐம்பத்தெட்டு வயது. கழுத்தெலும்பு தெரிகிற உடம்பு, பளிச்சென்ற புடவை. பதிவுக்கென்று புதிதாகக் கட்டி வந்திருந்தார். உள்ளே வந்ததும் சுவரைத் தொட்டுப் பார்த்தார். எங்கள் ஸ்டுடியோச் சுவர்களில் சத்தத்தை உறிஞ்சுவதற்குத் துணியை அடித்து, அதற்குள் மில் கழிவுப் பஞ்சைத் திணித்திருக்கும். ஒரு இடத்தில் துணி பிரிந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. அதை இரண்டு விரலால் இழுத்துத் திரித்துப் பார்த்துவிட்டு, "நல்ல பஞ்சுல்லா. இதையா கழிவுன்னு போட்டாவ" என்றார். அந்தப் பஞ்சுதான் அன்றைக்கு அவர் நெஞ்சைத் தூண்டிவிட்டதோ என்று பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறேன்.

அவரைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் உட்கார வைத்தேன். மகளும் மற்றவர்களும் அதே அறையில் சுவரோரம் நின்றார்கள். செருப்பு வெளியே. மின்விசிறி நின்றது. கடிகாரத்தைக் கழற்றி டிராயரில் வைத்துவிட்டு, கையைத் தூக்கி "ஊருக்கோ" என்றேன்.

அரை நிமிடம் தாண்டியிருக்கும். பேச்சியம்மாள் என்னைப் பார்த்தார். வலது உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, பிறகு இரண்டு விரலை நீட்டித் தன் பக்கமாகச் சாய்த்துக் காட்டினார். சரியாக உட்கார்ந்திருக்கிறேனா என்று கேட்கிறார் என்று நினைத்தேன். தூக்கிய கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். அசையாதீர்கள் என்று. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் முட்டியது. அதற்கு மேல் முடியாமல் இருமல் வந்துவிட்டது. சாதாரண இருமல் இல்லை. அடியிலிருந்து ஏறி ஏறி வந்து, நடுவில் விசில் போல மூச்சு இழுத்து, மறுபடி தொடங்கியது. கை முந்தானையைத் தேடியது. புதுப்புடவையில் பின் குத்தியிருந்ததால் முந்தானை வாய்க்கு எட்டவில்லை.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. அதை மறைக்காமல் எழுத வேண்டும். ஒரு நிமிடம் கெட்டுப் போயிற்றே என்று எரிச்சல். இருமல் அடங்கியதும் மைக்கில், "அம்மா, நீங்க செத்த நேரம் வெளிய உக்காருங்க" என்றேன். அவர், "மன்னிச்சிக்கிடுங்க அண்ணாச்சி" என்று எழுந்து போனார். வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அவர் இல்லாத அறையின் மௌனத்தை மறுபடி பதிவு செய்தேன். முதல் நிமிடத்துக்குக் 'கெட்டது' என்று பெயர் போட்டேன்.

பிறகு அவர் பேசினார். பத்துப் பதினோரு நிமிடம். அறுந்த நுனியை எப்படிக் கண்டுபிடிப்பது, விரலை எப்படிச் சுழற்றுவது, ஓடுகிற மிஷினில் விரல் போகாமல் எப்படி ஒட்டுவது. நடுநடுவே இருமினார். மகள், "நல்லா இருமிக்கம்மா, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு ஆறுதல் சொல்கிறாள் என்றே நினைத்தேன்.

பேசி முடித்ததும் அம்மாவின் இன்ஹேலர் தீர்ந்துவிட்டது என்று செல்வராணி மெடிக்கல் ஷாப்பைத் தேடிப் போனாள். ஞாயிற்றுக்கிழமை, எங்கே திறந்திருக்கிறதோ. மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். பேச்சியம்மாள் எனக்குப் பின்னால் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தார். சும்மா இருப்பானேன் என்று நான் வேலையில் இறங்கினேன். ஒவ்வொரு இருமலையும் வெட்டி, ஒவ்வொரு வெட்டிலும் அவர் இல்லாத அறையின் மௌனத்தை ஒட்டினேன். ஒட்டுத் தெரியாத வேலை. என் தொழிலில் அப்படி ஒரு சுத்தமான வேலையை நான் அதிகம் செய்ததில்லை.

போட்டுக் காட்டினேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"இது நானா அண்ணாச்சி?"

"நீங்கதாம்மா."

"எம்புட்டு நல்லாருக்கு. கலியாணமாகி வந்தப்ப நான் இப்படித்தான் பேசுவேன்" என்றார். இன்னொரு முறை போடச் சொன்னார். கேட்டுக்கொண்டே சிரித்தார்.

"சரியாம்மா?"

"சரிதான்."

குரலுக்குச் சொந்தக்காரர் சரி என்று சொல்லிவிட்டார். சஞ்சீவி சாரின் விதிப்படி, அவர் கண் முன்னாலேயே பழைய பதிவை அழித்தேன். அவரும் தலையாட்டினார். செல்வராணி மருந்தோடு வந்தபோது அம்மா களைத்திருந்தார். எதையும் கேட்காமல் ஆட்டோவில் கூட்டிப்போய்விட்டாள்.

இருபத்திரண்டு நாள் கழித்துப் பேச்சியம்மாள் இறந்துபோனார். நானும் ஜெயந்தியும் துக்கத்துக்குப் போய்வந்தோம்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் செல்வராணி தனியாக வந்தாள். ஏழாவது பாட்டைப் போட்டேன். முதல் நிறுத்தம் வந்தது, அம்மாவின் குரல் வந்தது. அவள் முகம் மாறியது. இரண்டாவது, மூன்றாவது. பாட்டு முடிந்தது.

"இருமல் எங்க அண்ணாச்சி?"

"எடுத்துட்டேம்மா."

"எடுக்காதது குடுங்க."

"இல்ல. அழிச்சாச்சு."

அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அம்மா கேட்டார், சிரித்தார், சரி என்றார் என்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். அம்மா சொன்ன ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"எங்கம்மாவுக்கு வெக்கம் அண்ணாச்சி. இருமுறது ஏதோ தன் தப்பு மாதிரி. வீட்டுல இருமல் வந்தா முந்தானைய வாய்ல அமுக்கிக்கிட்டுக் கொல்லைக்குப் போயிருவா. போன எடுத்தா மூச்சக்கூட விடமாட்டா. எங்கிட்ட அம்மா வீடியோ எம்புட்டோ இருக்கு, ஒண்ணுலயும் இருமல் இல்ல. மில்லுல நஷ்டஈடு கேட்டா, உன் அம்மாவுக்கு வேலை பாக்கும்போது ஒண்ணுமில்லன்னு சொன்னாவ. இங்க வச்சுத்தான் மொதத் தடவையா வாயத் தெறந்து இருமுனா. அதுக்குத்தான் அந்தப் பாட்டே. காலம் பூரா அவளே அடக்குனா. கடைசியில நீங்களும் சேந்து அடக்கிட்டிய."

எழுந்து போய்விட்டாள். ஆல்பம் வேண்டாம், நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள் என்று மறுநாள் குருசாமி போன் செய்தான்.

நான் செய்தது தவறு. இருந்தாலும் பேச்சியம்மாள் சிரித்த சிரிப்பை என்னால் தள்ள முடியவில்லை. தாய் ஒன்று விரும்பினாள், மகள் ஒன்று விரும்பினாள். நடுவில் கத்தரியை வைத்துக்கொண்டு நான் இருந்தேன். யாரையும் கேட்காமல் வெட்டுவதற்கு எனக்கு முப்பத்தாறு வருடப் பழக்கம் இருந்தது. அந்த வாரத்தில் ஒரு நாள் ஜெயந்தி ஒரு விளம்பரத்தைச் சுத்தம் செய்துகொண்டே, "அண்ணாச்சி, இன்னைக்கு மௌனம் எடுத்தத எதுல போட்டிய?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மௌனத்தை நாங்கள் அழிப்பதில்லை.

'கெட்டது' என்ற பெயரிலேயே இருந்தது. ஹெட்போனை மாட்டினேன். அரை நிமிடத்துக்கு ஒன்றுமில்லை. ஐந்து பேர் சும்மா இருக்கும் சத்தம். பிறகு ஒரு மூச்சு மெல்ல விசிலடிக்கிறது. அடக்குகிறார். துணி உரசுகிறது. மறுபடி அடக்குகிறார். அப்புறம் இருமல், முழுதாக, கடைசிவரை. அது முடிந்ததும் என் குரல் வருகிறது: "அம்மா, நீங்க செத்த நேரம் வெளிய உக்காருங்க." "மன்னிச்சிக்கிடுங்க அண்ணாச்சி." நாற்காலி நகரும் சத்தம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் வேலை பார்க்கும் இடத்துக்கு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனேன். காலை வேளை, ரத்தம் கொடுக்க ஆட்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கையுறையைக் கழற்றிவிட்டு ஹெட்போனை வாங்கிக்கொண்டாள். நின்றபடியே கேட்டாள். இரண்டாம் முறை கேட்டாள். அழுதாள். வரிசையில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அம்மாவ வெளிய உக்கார வச்சது நெனப்பிருக்கு அண்ணாச்சி. நானும்தான் பேசாம நின்னேன்."

"எங்குரலை எடுத்துட்டுத் தாரேம்மா."

"வேண்டாம். அதையும் வெட்டாதிய" என்றாள். ஹெட்போனைக் கழற்றித் தந்துவிட்டு, "அம்மாவுக்குப் பிடிச்சத அந்த மூணு எடத்துல அப்படியே வச்சிருவோம். இது கடைசியில வரட்டும்" என்றாள்.

ஆல்பம் அப்படித்தான் வெளிவந்தது. இணையத்தில் போட்டார்கள். எங்கிருந்தெல்லாமோ எழுதினார்கள் என்று குருசாமி போனில் படித்துக் காட்டினான். கடைசி நிமிடத்தில் என்ன கருவி வாசித்தீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு அவர்கள் பதில் எழுதவில்லை. எங்களிடம் வருடா வருடம் பாசுரம் பதிவு செய்யும் அம்மாள் ஒருவர், "நம்ம மைக்லயா அதைப் பாடுனா?" என்று கேட்டு, மைக்கை மாற்றச் சொன்னார். மாற்றினேன். உண்மையில் அது வேறு மைக்தான், சொன்னால் நம்பமாட்டார்.

வெளியீட்டுக்கு ராஜபாளையத்தில் ஒரு சிறிய கல்யாண மண்டபம் பிடித்தார்கள். ஞாயிறு மதியம். கறுப்புச் சட்டை போட்ட இளைஞர்கள் நாற்பது பேர் முன்னால் நின்றார்கள். பின்வரிசை நாற்காலிகளில் மில் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள், முப்பது பேர் இருக்கும். பேச்சியம்மாளோடு வேலை பார்த்தவர்கள். கடைசி வரிசையில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் பெட்டியோடு நான். முதல் பாட்டுக்கே இந்தப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

யாரும் எழவில்லை. டிரம்ஸ் ஆரம்பித்ததும் அவர்கள் பேசத் தொடங்கினார்கள். வாயால் இல்லை. உதட்டசைவிலும் விரலிலும். ஒருத்தி கையைச் சுழற்றினாள், தூரத்தில் இருந்தவள் தலையாட்டிச் சிரித்தாள். மிஷின் சத்தத்துக்குள் அப்படித்தான் பேசிக்கொள்வார்களாம். மண்டபத்தில் மற்ற எல்லோரும் சத்தத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவர்கள் மட்டும் வீட்டில் இருப்பதுபோல இருந்தார்கள். கடைசிப் பாட்டும் வந்தது. மூன்று நிறுத்தங்களில் பேச்சியம்மாள் வந்தபோது விரல்கள் வேகமாக ஓடின. பாட்டு முடிந்தது, எல்லாம் அடங்கியது. அந்த நிமிடம் ஓடத் தொடங்கியது. மூச்சு, துணி, இருமல், என் குரல், அவர் மன்னிப்பு. பெண்களின் கைகள் மடியில் நின்றுவிட்டன.

முடிந்த பிறகு ஒரு அம்மாள் என்னிடம் வந்தார். சண்முகத்தாய் என்று பெயர். பேச்சியம்மாளுக்கு அடுத்த வரிசையில் நின்றவர்.

"இருவத்தேழு வருசம் பக்கத்துல நின்னேன் அண்ணாச்சி. அவ இருமல இன்னைக்குத்தான் காதால கேக்கேன்" என்றார். "மிஷினுக்குள்ள நின்னாத் தாராளமா இருமுவா. யாருக்கும் கேக்காதுல்லா. தோளு குலுங்குறதப் பாத்துத்தான் எங்களுக்குத் தெரியும். வெளிய வந்தா அமுக்கிக்கிடுவா."

"வேலை எப்படிப் பாத்தாங்க?"

"இருமல் வரப்போவுதுன்னா எனக்கு இப்படிக் காட்டுவா" என்று சொல்லிவிட்டு, சண்முகத்தாய் வலது உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, இரண்டு விரலை நீட்டித் தன் பக்கமாகச் சாய்த்தார். "என் சைடையும் செத்த நேரம் பாத்துக்கோன்னு அர்த்தம். நான் அவ சைடுக்கும் சேத்து ஓடுவேன். அவ இருமிட்டு வருவா. ஒரு நாளும் மாட்டேன்னு சொன்னதில்ல."

அந்தச் சைகை எனக்கு முன்பே காட்டப்பட்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, என்னிடம்தான் காட்டினார். நான் கையை உயர்த்தி அசையாதீர்கள் என்று சொன்னேன். சண்முகத்தாயிடம் அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜெயந்தியிடமும் ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில்தான் எழுந்து போயிருக்கிறேன்.